ஆறு மில்லிமீட்டர் துளைகள்

அப்பா இறந்தது இதயம் நின்று. நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. இதை டாக்டரிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது முறை அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, இதயம்னு சொல்லிட்டேன். நீங்க திரும்பத் திரும்ப நுரையீரலையே கேக்குறீங்க?"

தொழிற்சாலைகளில் தூசியை இழுத்து அடக்கும் அமைப்புகளை வடிவமைப்பது என் வேலை. அப்பாவின் அறைக்கும் அப்படி ஒன்றை நான்தான் போட்டுக்கொடுத்தேன். அது தன் வேலையைச் செய்ததா என்று தெரிய வேண்டியிருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம். கம்பிக்கயிறு, கப்பி, எதிர்எடை, பிரேக். உச்சிமாடிக்கு மேலே மோட்டார் ஓடும் ஓர் அறை உண்டு. பகல் முழுக்க அங்கேதான் இருப்பார். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் பின்னறைக்குப் போய்விடுவார். அங்கே பாய்மரக் கப்பல்கள் செய்தார். பழைய கப்பல்களின் வரைபடத்தை வரவழைத்து, அறுபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, விலா விலாவாக அறுத்து, பலகை பலகையாக ஒட்டி. வாழ்நாளில் நான்கு முடித்தார். ஐந்தாவது முடியவில்லை.

லிஃப்டுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், "ரெண்டும் கயிறும் கப்பியும்தான். இதுல ஆளு பெட்டிக்குள்ள நிப்பான், அதுல கம்பத்து மேல தொங்குவான்" என்பார்.

அம்மாவிடம் அதே கேள்விக்கு வேறு பதில் இருந்தது. பின்னறைக்கு அவள் வைத்த பெயர் சின்ன வீடு. வீட்டுக்கு யாராவது வந்து அப்பாவைக் கேட்டால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "சின்ன வீட்டுல இருக்காரு, கூப்பிடட்டுமா?" என்பாள். புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "எல்லாருக்கும் சக்களத்தி சேலை கட்டிட்டு வருவா. எனக்கு மரத்துல வந்துட்டா" என்று அதற்கு விளக்கமும் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்த அறைக்கு அவள் ஒரு நாளும் துடைப்பம் எடுத்துப் போனதில்லை.

அறை பத்துக்கு எட்டு அடி. ஒரு ஜன்னல். சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கும் ஊசி அரங்கள், கட்டைவிரல் நீள ரம்பம், நுனி வளைந்த சாமணங்கள், விரலால் உருட்டித் துளைபோடும் கைட்ரில். ஒட்டிய பலகையைப் பிடித்துவைக்கத் துணி உலர்த்தும் க்ளிப்புகள், இருநூறுக்கு மேல். அம்மா துணி காயப்போடும்போது எப்போதும் க்ளிப் தட்டுப்பாடு. பலகையை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சால்டரிங் அயர்ன் சூட்டில் ஒட்டாமல் ஒட்டி இழுத்தால் வளையும். அவசரப்பட்டால் படக்கென்று முறியும். உடலுக்கு வால்நட், நுணுக்கமான உறுப்புகளுக்குப் பேரிக்காய் மரம். பேரிக்காய் மரத்தில் ரேகை ஓடாது. எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் விளிம்பு நிற்கும். அதன் தூள் ரோஜா நிறத்தில், முகப்பவுடர் மாதிரி இருக்கும். கீழே விழாது. மணிக்கணக்கில் மிதக்கும்.

எனக்கு ஏழு வயதில் ஒருநாள் அப்பா தேய்த்துக்கொண்டிருந்த மரத்துக்குப் பக்கத்தில் மோவாயை மேஜையில் வைத்துக்கொண்டு நின்றேன். உப்புத்தாளை எடுத்துவிட்டு மரத்தின்மேல் ஒரு ஊது ஊதினார். அன்று மாலை எனக்கு மூச்சு இழுத்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஈரச்சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார். "பாப்பா, இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாது. சரியா?" என்றார்.

அதன்பிறகு இருபத்தாறு வருடம் நான் அந்த அறைக்குள் போகவில்லை. டீ கொண்டுபோனால் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத் தட்டைக் கீழே வைக்க வேண்டும். நான் நாலடி தள்ளிப் போனபிறகு கதவு ஒரு சாண் திறக்கும். முழங்கைவரை தூள் அப்பிய ஒரு கை வெளியே வந்து தட்டை எடுக்கும். அந்த வயதில் என் அப்பாவில் பாதி அந்தக் கைதான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் தட்டில் டம்ளர்கள் இரண்டு.

இரண்டாவது டம்ளர் பல் செட்டுக்காரருடையது. இரண்டு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் கடைக்கு மாடியில் அவர் வேலைக்கூடம். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பார். அவரும் கப்பல் செய்பவர். செவ்வாயும் சனியும் வருவார். தேய்ந்துபோன பல்துளைக்கும் ஊசிகளை அப்பாவுக்குக் கொண்டுவந்து தருவார். மரத்துக்கு அவை இன்னும் பத்து வருடம் தாங்கும். அப்பா பதிலுக்குக் கழித்துப்போட்ட லிஃப்ட் கயிற்றைப் பிரித்து, மயிரிழைக் கம்பியாக்கிக் கொடுப்பார்.

"யோவ் லிஃப்டு, இருக்கியா மேல போயிட்டியா?" என்று வாசலிலேயே குரல் வரும்.

"வா பல்லு. நீ வந்தா கீழதான்."

கதவு முழுசாகத் திறக்கும். அவர் உள்ளே போவார். கதவு சாத்திக்கொள்ளும். ஈரச்சாக்கு காலால் தள்ளப்பட்டு இடத்துக்கு வரும். பிறகு சிரிப்புச் சத்தம். அம்மா, "மாமான்னு கூப்பிடுடி" என்பாள். நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். இன்றுவரை சார்தான்.

பொறாமை எனக்கு மட்டும் இருந்ததாகச் சொன்னால் அது பொய். அப்பாவுக்கும் இருந்தது, அவருடையது என்னுடையதைவிடச் சுத்தமான சரக்கு. ஒருமுறை நூலகக் கூடத்தில் மாதிரிக் கப்பல் கண்காட்சி. பல் செட்டுக்காரருக்கு முதல் பரிசு. அப்பாவுக்கு இரண்டாவது. கப்பலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அவன் கப்பி எல்லாம் கடைக் கப்பி."

கப்பி என்றால் கயிறு ஓடும் சின்ன உருளைக்கட்டை. கப்பல் முழுக்கத் தொங்கும். அந்த அளவுக்குச் சுருக்கினால் ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர். கடுகைவிடப் பெரிசு, மிளகைவிடச் சின்னது. பாக்கெட்டில் ஐம்பது, நூறு என்று கிடைக்கும். பல் செட்டுக்காரர் அதைத்தான் வாங்கிக் கட்டியிருந்தார். அப்பா அதுவரை பாதி வாங்குவார், பாதி செய்வார். அன்று முதல் வாங்குவதை நிறுத்தினார். பேரிக்காய் மரத்தை மூன்று மில்லிமீட்டர் சட்டமாக இழைத்து, பக்கவாட்டில் ஊசி அரத்தால் பள்ளம் போட்டு, கைட்ரிலால் அரை மில்லிமீட்டர் துளை இரண்டு இறக்கி, அறுத்து, நான்கு மூலையையும் உப்புத்தாளில் உருட்டி எடுக்க வேண்டும். இருபது செய்தால் எட்டு தேறும். ஐந்தாவது கப்பலுக்குக் கணக்கு இருநூற்றுப் பதினான்கு.

பரிசுக்குப் பிறகு மூன்று மாதம் பல் செட்டுக்காரர் வரவில்லை. அப்பா கூப்பிடவும் இல்லை. தட்டில் ஒரே டம்ளர். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த மூன்று மாதமும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், கணக்கில் முதல் மார்க் வாங்கினேன். கதவு என்னவோ எனக்குத் திறக்கவில்லை. நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, "யோவ் லிஃப்டு" என்று குரல் கேட்டது. அம்மா பேசாமல் இன்னொரு டம்ளரை எடுத்தாள்.

படிப்பு முடித்துக் காற்றோட்டப் பொறியியலுக்குப் போனேன். வேலைக்கான நேர்காணலில் ஏன் இந்தத் துறை என்று கேட்டார்கள். தொழிலாளர் நலம் என்றேன். வேலை கிடைத்தது. காரணம் அந்தக் கதவு என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது.

மரத் தொழிற்சாலைகள், மாவு மில்கள், மருந்துத் தூள் நிரப்பும் கூடங்கள். பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றதன் சாரம் சின்னது. கண்ணுக்குத் தெரியும் தூசி கீழே விழுந்துவிடும். தெரியாததுதான் நெஞ்சுக்குள் போகும். தூசியைப் பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். இழுக்கும் வாய் இரண்டு மடங்கு தள்ளிப்போனால் இழுப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். முகமூடி கடைசி வழி.

அப்பா ஓய்வு பெற்று வீட்டோடு வந்ததும், நான்கு வருடத்துக்கு முன்பு, அவருக்கு ஒரு மேஜை செய்தேன். மேல்தளம் துளை போட்ட எஃகுத் தகடு. அடியில் பெட்டி. பெட்டியிலிருந்து நாலு அங்குலக் குழாய் ஓரிடத்தில் முழங்கைபோல மேல்நோக்கி வளைந்து, சுவரைத் தாண்டி, வெளியே கொட்டகைக்குள் இருக்கும் பைக்கும் விசிறிக்கும் போகும். மேஜைமேல் எதைத் தேய்த்தாலும் தூள் மூக்குப் பக்கம் வராமல் கீழே போய்விடும். எத்தனை மணி ஓடியது என்று காட்ட ஒரு மீட்டர் வைத்தேன். ஈரச்சாக்கை எடுத்துக் குப்பையில் போட்டேன். கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன்: வேலை முடிந்தபின் அறைக் காற்று சுத்தமாக விசிறி ஓட வேண்டிய நேரம், தொண்ணூறு நிமிடம். கணக்குப்படி முப்பது போதும். என் மூச்சை நம்பாமல் மூன்றால் பெருக்கியிருந்தேன்.

அன்று நான் உள்ளே போனேன். முப்பத்துமூன்று வயதில். டால்கம் பவுடரைத் தகட்டின்மேல் தூவிக் காட்டினேன். ஒரு பொட்டு மேலே எழவில்லை. அப்பா உள்ளங்கையைத் தகட்டின்மேல் பிடித்துப் பார்த்தார்.

"ம். இழுக்குது," என்றார்.

பல் செட்டுக்காரர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை. அரை மணி ஓட்டிக் காட்டிவிட்டு விசிறியை நிறுத்தினேன். எனக்கு அன்று இருந்த நிறைவை இங்கே அளந்து எழுத முடியாது. அவ்வளவு நல்ல நிறைவும் அல்ல.

அதன்பிறகு மாதம் ஒருமுறை நான் வேலை செய்யும் ஊரிலிருந்து வந்தேன். முதல் நாளே போன் செய்துவிட்டு வருவேன். அந்த அறையில், ஸ்டூல் போட்டு, அப்பாவுக்கு எதிரே ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருப்பேன். அறை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஒருமுறைகூட மூச்சு இழுத்ததில்லை. நான் இருக்கும்போது அப்பா உப்புத்தாளைத் தொடமாட்டார். தகரப்பெட்டியைத் திறந்து புதுக் கப்பிகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவார். மேஜை நல்லா ஓடுதா என்று கேட்டால், "ஓடுது பாப்பா" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் போய் மூன்று வாரம் கழித்து அம்மா சொன்னாள், கீரையைக் கிள்ளிக்கொண்டே.

"அந்தக் கப்பலை பல்லுக்காரர்கிட்ட குடுத்துடணும்."

"யார் சொன்னது?"

"உங்கப்பாதான். ரெண்டு மாசம் இருக்கும். எனக்கு ஏதாவது ஆயிட்டா அவன் முடிப்பான், குடுத்துடுன்னாரு."

"எழுதி வெச்சிருக்காரா?"

"ஏன்டி, கப்பலுக்கெல்லாம் உயிலா எழுதுவாங்க? வாயால சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"நான் முடிக்கிறேன்."

அம்மா கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சட்டை பட்டன் தைக்கவே என்கிட்டதான் வருவ."

அறைச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பல் செட்டுக்காரர் அந்த வாரம் இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் வேலையாக இருப்பதாகச் சொன்னேன். அவருக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. அறை, சிரிப்பு, முப்பத்தைந்து வருடச் செவ்வாய்கள், சனிகள். இப்போது கப்பலும். எனக்கு மிச்சம் ஒரு மீட்டர்.

அந்த மீட்டரைத்தான் போய்ப் பார்த்தேன். 62.8.

முதலில் கண் தவறிவிட்டதாக நினைத்தேன். நாள் ஒன்றுக்கு நான்கு மணி என்றாலும் நான்கு வருடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். அறுபத்திரண்டு. கொட்டகைக்குப் போய்ப் பையைக் கழற்றினேன். புதுசுபோல் இருந்தது. அறைக்குத் திரும்பி மேஜைக்கு அடியில் குனிந்தால், மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, மடித்துவைத்த ஈரத்துணி, நாடா அறுந்து முடிச்சுப்போட்ட ஒரு முகமூடி. பக்கத்தில் அம்மாவின் மாவுச் சல்லடை. காணாமல் போய்விட்டதாக அம்மா தேடிக்கொண்டிருந்தது.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜன்னலோரம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பழையபடி, தூளைத் தின்றுகொண்டே தேய்த்திருக்கிறார். மேஜையை எனக்காக ஒப்புக்கு வைத்திருந்திருக்கிறார். டாக்டரிடம் மூன்று முறை கேட்டது எவ்வளவு சரி. தகட்டை ஒரு அறை அறைந்தேன். கை வலித்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பல் செட்டுக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் குரல் கொடுக்கவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் செருப்போடு கொஞ்சநேரம் நின்றார்.

"வாங்கண்ணா, உள்ள வாங்க" என்றாள் அம்மா. "அவதான் சாவியை வெச்சிருக்கா."

நான் அறையைத் திறந்தேன். அவர் கப்பலைப் பார்த்தார். பாய்மரம் மூன்றும் நின்றன. கயிறு பாதிதான் ஏறியிருந்தது. தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போலாம்னு ஒரு பெட்டி பண்ணி வெச்சிருக்கேன்மா," என்றார். "உள்ள பஞ்சு வெச்சு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் சார். இந்த மேஜையை அவர் ஓட்டவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாலு வருஷமாவா?"

"முதல் வாரத்துலேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் தகட்டின்மேல் சுண்டுவிரலை வைத்தார். ஒரு துளைக்குள் நுனி போய் நின்றது. "இது எவ்வளவு?"

"ஆறு மில்லிமீட்டர்."

"கப்பி எவ்வளவு?"

பதில் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காற்றின் வேகம், குழாயின் விட்டம், பையின் பரப்பு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். மேஜைமேல் என்ன வைப்பார் என்று கேட்கவில்லை. தச்சுப் பட்டறைகளுக்குப் போடும் தகட்டை அப்படியே போட்டிருந்தேன். அங்கே ஆறு மில்லிமீட்டருக்குள் விழும் எதுவும் குப்பை.

"முதல் வாரத்துல மொத்தமே அரை மணிதான் ஓட்டுனாரு, அதுலயே ஏழு கப்பி போச்சு," என்றார். "சாமணத்துலேருந்து நழுவும், டொக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். மனுஷன் பையைக் கழட்டி, உங்கம்மா சல்லடையைத் திருடி, சலிச்சாரு பாரு. நாலு கெடச்சுது. மூணு கெடைக்கல. எதுக்குய்யா இப்படி, உன் பொண்ணுகிட்ட சொன்னா வேற தகடு போட்டுத் தரும்னேன். 'அவ கணக்குல தப்புன்னு நான் சொல்லணுமா? போடா'ன்னாரு."

"நீங்க ஏதாவது பண்ணியிருக்கலாம்."

"பண்ணாம இருப்பேனா? நைலான் வலை கொண்டாந்தேன். என் லேப்ல அதுதான் போட்டிருக்கேன். மேல விரிச்சா முடிஞ்சுது. கையைத் தட்டிவிட்டாரு. 'எம்பொண்ணு பண்ணுனது, நீ பல்லு செட்டு மாதிரி ஒட்டுப்போடாத'ன்னாரு." அவர் குரல் கொஞ்சம் மாறியது. "மூணு வாரம் நான் வரல."

"அப்போ இந்த அறுபத்திரண்டு மணி?"

"அது நீ வர்ற அன்னைக்கு."

"எனக்குக் காட்டறதுக்கா?"

"காட்டறவன் எதுக்குக் கதவைச் சாத்திட்டு வெளிய நிப்பான்?" அவர் திரும்பிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "காலைல எழுந்ததும் ஈரத்துணி எடுத்து, மேஜை, அலமாரி, ஒவ்வொரு அரமாத் துடைப்பாரு. அப்புறம் விசிறியைப் போட்டுட்டு, வாட்சைக் கட்டிக்கிட்டு, வாசப்படியில குந்திக்குவாரு. தொண்ணூறு நிமிஷம். எண்பத்தஞ்சுல எழுந்திருக்கமாட்டாரு. நான் வந்தேன்னு வை, 'உன் சட்டையெல்லாம் பல்லுத் தூளு, நாளைக்கு வா'ம்பாரு. முப்பத்தஞ்சு வருஷமா வரேன்மா இந்த அறைக்கு. எனக்குன்னு ஒருநாள் ஒரு ஸ்டூலைத் தட்டியிருப்பாரா? தூளு மேலதான் உக்காருவேன்."

கடைசி வாக்கியத்தை அவர் என்னிடம் சொன்னதுபோல் இல்லை. முகம் கப்பல் பக்கம் இருந்தது. எனக்கு அந்த முகத்தைத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

போனை எடுத்து, நான்கு வருடத்தில் ஊருக்கு வந்த நாட்களை எண்ணினேன். டிக்கெட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. நாற்பத்தொன்று. நான் ஓட்டிக்காட்டிய அரை மணியையும் ஏழு கப்பி போன அரை மணியையும் கழித்தால் 61.8. நாற்பத்தொன்றால் வகுத்தேன். ஒன்றரை மணிக்கு அரை நிமிடம் கூட.

அரை நிமிடம், எழுந்துபோய் ஸ்விட்சை அணைக்கும் நேரம்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக என்று நினைக்கிறேன், தகரப்பெட்டியைத் திறந்து கப்பிகளை வெள்ளைத் தாளில் கொட்டிச் சாமணத்தால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினார். கயிற்றில் ஏறியிருந்தவற்றையும் சேர்த்தார்.

"இருநூத்தி மூணு. பதினொண்ணு பத்தல," என்றார். "போகட்டும், பதினொண்ணுதானே, பாக்கெட்ல வாங்கி..."

"கடைக் கப்பியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அப்படியே லிஃப்டு. அதே மூஞ்சி, அதே முறைப்பு. இருபத்திரெண்டு வருஷமா இதையே கேட்டேன், இன்னும் எத்தனை வருஷமோ."

"எட்டுதான் செய்யணும்," என்றேன். "மூணு இங்கதான் இருக்கு."

மேஜைக்கு அடியில் படுத்தேன். லேசான தூள் காற்றோடு போகும். கனமான துண்டு, குழாய் மேல்நோக்கித் திரும்பும் முழங்கையில் ஏற முடியாமல் தங்கும். ஒருசில மட்டும் காற்றின் தள்ளலில் பைக்குப் போயிருக்கும். அப்பாவுக்குக் கிடைத்த நான்கு அவை. முழங்கையின் பட்டையைத் தளர்த்திக் கழற்றி, உள்ளங்கையில் தட்டினேன். ரோஜா நிறத் தூளோடு மூன்று கப்பிகள் விழுந்தன. ஐந்து நிமிட வேலை. அப்பா ஒரு போன் செய்திருந்தால் ஐந்து நிமிடம்.

அவர் ஒரு கப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்பநேரம் பார்த்தார்.

"எனக்கு இப்படி வராது," என்றார். "அதான் கடையில வாங்குனேன். அவருகிட்ட சொன்னதில்ல."

அப்போது நான் முடிவு செய்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கப்பலை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை, என் கையால் முடிக்கவும் முடியாது.

"கப்பல் இந்த அறையை விட்டுப் போகாது சார். நீங்க இங்க வந்து முடிங்க. சனிக்கிழமை. நான் எதிர்ல உக்காந்திருப்பேன். விசிறி ஓடும்."

"சத்தத்துல எனக்குக் காது கேக்காதேம்மா."

"பேச வேண்டியதில்ல. சட்டையை உதறிட்டு வாங்க."

"முகமூடி?"

"அதுவும்."

"லிஃப்டுகூட இவ்வளவு கெடுபிடி இல்ல," என்று முணுமுணுத்தார். ஆனால் கப்பலை எடுத்துப்போகப் பெட்டியோடு வரவில்லை. அவர் செய்து வைத்திருந்த பஞ்சுப்பெட்டி இன்னும் அவர் வேலைக்கூடத்தில்தான் கிடக்கிறதாம்.

புதிதாகத் தகடு அடித்துக் கொண்டுவந்தேன். துளை ஒன்றரை மில்லிமீட்டர். எண்ணிக்கையைக் கூட்டி, விசிறியின் வேகத்தை மாற்றினேன். அதன்மேல் அவருடைய நைலான் வலையையும் விரித்துக்கொள்ளச் சொன்னேன். வலை தேவையில்லை. விரிக்கும்போது அவர் விளிம்புகளை நான்கு முறை நீவிவிட்டார்.

இப்போது எட்டு சனிக்கிழமை ஆகிவிட்டது. அவர் விரல்கள் அந்த அரங்களை, எது எங்கே தொங்குகிறது என்று பார்க்காமலே எடுக்கின்றன. ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்கிறது. பள்ளம் போடுகிறார், துளைக்கிறார், அறுக்கிறார், வெளிச்சத்தில் பார்க்கிறார், "சீ" என்று எறிகிறார். அப்பாவின் கப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதால் அவருக்கு எதுவும் தேறுவதில்லை. இதுவரை மூன்றுதான் தேறியிருக்கின்றன. ஐந்து பாக்கி.

அவர் வருவதற்கு முன்பு காலையில் ஈரத்துணியால் அறையைத் துடைக்கிறேன். அவர் ஸ்டூலையும். அவரிடம் சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை உட்காரும்போது, பழக்கத்தில் கையால் தட்டப் போனவர், கையைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

போன சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் தயங்கினார்.

"செவ்வாய்க்கிழமையும் வந்தா சீக்கிரம் முடிஞ்சிடும். நீ ஊர்ல இருக்கமாட்ட. சாவி இருந்தா..."

"சாவி தர முடியாது சார்."

"லிஃப்டும் கடைசி வரைக்கும் தரல," என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.

உள்ளே அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று டம்ளர். "முன்னாடி சக்களத்திக்கு ஒருத்தர்தான் காவல்," என்றாள். "இப்ப ரெண்டு."